வெளிப் பார்ட்டியின் பின்னணியை விசாரிக்கக் கொடுப்பது எப்படி: இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கம்பெனி ஒரு டிஸ்ட்ரிபியூட்டரை நியமிக்கப் போகிறது. அல்லது கட்டட ஒப்பந்ததாரரை, கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்டை, வெளிநாட்டில் ஆர்டர் பிடித்துத் தரும் கமிஷன் ஏஜென்டை. "அக்ரிமென்ட் போடுவதற்கு முன்னால் அந்தப் பார்ட்டியைப் பற்றி ஒரு டியூ டிலிஜென்ஸ், அதாவது பின்னணி விசாரணை, செய்துவிடுங்கள்" என்று மேலிடம் சொல்கிறது. அந்த வேலை முதல் தடவையாக உங்கள் மேசைக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு.

பல இடங்களில் நடப்பது இதுதான். பார்ட்டியின் பெயரையும் விலாசத்தையும் ஒரு விசாரணை ஏஜென்சிக்கு மெயிலில் அனுப்புவார்கள். சில வாரம் கழித்துத் தடிமனான அறிக்கை வரும். கம்பெனி எப்போது பதிவானது, டைரக்டர்கள் யார், மூலதனம் எவ்வளவு என்று பக்கம் பக்கமாக இருக்கும். அதில் பெரும்பகுதி மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் 100 ரூபாய் கட்டினால் நாமே பார்த்துக்கொள்ளக்கூடியது. இதற்கு ஏஜென்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் கேட்டதே அவ்வளவுதான். நல்ல அறிக்கை வேண்டுமென்றால் நல்ல கேள்விகளை எழுதித் தர வேண்டும். அந்தக் கேள்விகளை ஏஜென்சியால் எழுத முடியாது. உங்கள் வியாபாரத்தில் எந்த இடம் பலவீனமானது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

சென்னையிலேயே நடந்த ஒன்றைப் பாருங்கள். அமெரிக்க ஐடி நிறுவனமான காக்னிசன்ட் இங்கே 27 லட்சம் சதுர அடியில் ஒரு வளாகம் கட்டியது. அதன் திட்ட அனுமதிக்காக 2014இல் தமிழ்நாட்டின் ஓர் உயரதிகாரி 20 லட்சம் டாலர் லஞ்சம் கேட்டார், அதைக் கட்டுமான ஒப்பந்ததாரர் கொடுப்பது என்றும், பிறகு கூடுதல் வேலைக்கான பில் என்ற பெயரில் கம்பெனி அவருக்கு ஈடுகட்டுவது என்றும் ஏற்பாடானது என்பது அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையத்தின் குற்றச்சாட்டு. கம்பெனி அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 2019 பிப்ரவரியில் 2.5 கோடி டாலர் கட்டி விஷயத்தை முடித்துக்கொண்டது. கம்பெனியின் மேல்மட்டத்தினரே இதற்குச் சம்மதித்தார்கள் என்று ஆணையம் சொன்னதால், பின்னணி விசாரணை மட்டும் இதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பணம் போன வழியை மட்டும் மனதில் வையுங்கள்: வெளியாள் ஒருவர், அவருடைய பில்லில் ஒரு கூடுதல் வரி.

நம் நாட்டுச் சட்டமும் இப்போது இதைக் கவனிக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபோது, ஒரு வணிக நிறுவனத்தோடு தொடர்புடையவர் அந்த நிறுவனத்துக்காக லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே குற்றவாளியாகும் நிலை வந்தது. இப்படி நடக்காமல் தடுக்கப் போதுமான ஏற்பாடுகள் செய்திருந்தோம் என்று காட்டுவதுதான் தப்பிக்கும் வழி. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டமும் கிட்டத்தட்ட இதே பாணிதான். ஆக, நீங்கள் இன்று வாங்கி வைக்கும் அறிக்கை நாளைக்கு உங்கள் கம்பெனியின் சாட்சியமாக நிற்கக்கூடியது.

முதலில் யாருக்கு எவ்வளவு என்று பிரியுங்கள்

எல்லாப் பார்ட்டிக்கும் ஒரே அளவு விசாரணை வைத்தால் பணமும் தீரும், கவனமும் சிதறும். பேப்பர், பேனா சப்ளை செய்பவருக்கு ஜிஎஸ்டி எண்ணும் வங்கிக் கணக்கும் சரியா என்று பார்த்தால் போதும். உங்கள் பெயரால் அரசு அலுவலகத்துக்குப் போகிறவர் வேறு ரகம். கஸ்டம்ஸ், லைசென்ஸ், நிலம், மின் இணைப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி என்று எதற்காகப் போனாலும் சரி, அவர் தானாகவே மேல் அடுக்குக்குப் போக வேண்டும். வெற்றி பெற்றால் மட்டும் கமிஷன் என்று பேசுபவர், வாடிக்கையாளரோ அதிகாரியோ "இவரையே போடுங்கள்" என்று கைகாட்டிய ஆள், தொழில் ஓர் ஊரிலும் வங்கிக் கணக்கு வேறொரு நாட்டிலும் வைத்திருப்பவர் ஆகியோரும் அங்கேதான்.

மூன்று அடுக்கு போதும். கீழ் அடுக்குக்கு நீங்களே செய்யும் சரிபார்ப்பு. நடு அடுக்குக்கு ஏஜென்சி தயாரிக்கும் பொது ஆவண அறிக்கை. மேல் அடுக்குக்கு ஆவணத்தோடு நேரடி விசாரணையும், அதாவது ஊருக்குப் போய், தொழிலில் இருப்பவர்களிடம் பேசி வருவது. இதற்கு வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும் என்று வியாபாரப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒப்பந்தத் தேதி குறித்த பிறகு விசாரணையைத் தொடங்கினால், எதிர்மறையாக எது வந்தாலும் அதைக் கேட்கும் மனநிலையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

பார்ட்டியிடமே கேளுங்கள்

ஏஜென்சிக்குப் போவதற்கு முன்னால் ஒரு கேள்விப் படிவத்தைப் பார்ட்டிக்கு அனுப்ப வேண்டும். பான், ஜிஎஸ்டி எண், கம்பெனி என்றால் சிஐஎன் (கம்பெனியின் பதிவு எண்), உரிமையாளர்கள் யார், யாருக்கு எத்தனை சதவீதம், டைரக்டர்களின் முழுப் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, மூன்று வருட பேலன்ஸ் ஷீட், நடக்கும் வழக்குகள், குடும்பத்தில் அரசுப் பதவியிலோ உங்கள் வாடிக்கையாளர் நிறுவனத்திலோ யாராவது இருக்கிறார்களா, வேலையை வேறு யாருக்காவது பிரித்துக் கொடுப்பார்களா. இத்தனையும் எழுத்தில், கையெழுத்தோடு வேண்டும். பின்னணியைச் சரிபார்க்கச் சம்மதம் என்ற கடிதத்தையும் சேர்த்தே வாங்குங்கள். தனிநபர் விவரங்களைக் கையாள 2023இல் தனிச் சட்டமே வந்துவிட்டது.

இந்தப் படிவத்தின் அருமை பிறகுதான் தெரியும். வழக்கு எதுவும் இல்லை என்று எழுதியவர் பெயரில் மூன்று செக் மோசடி வழக்குகள் கிடைத்தால், வழக்கைவிட மறைத்ததுதான் பெரிய சேதி. உரிமையாளர் யார் என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தள்ளிக்கொண்டே போனால் அதையும் குறித்து வையுங்கள்.

உங்கள் மேசையிலிருந்தே பார்க்கக்கூடியவை

இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு நாள் உட்கார்ந்தால் ஏஜென்சியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தானாகவே கிடைக்கும்.

ஜிஎஸ்டி எண் 15 எழுத்துகள் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 எழுத்துகள் அப்படியே பான் எண். பானின் நான்காவது எழுத்து ஆள் யார் என்று சொல்லிவிடும்: தனிநபருக்கு 'பி', கம்பெனிக்கு 'சி', கூட்டு நிறுவனத்துக்கு 'எஃப்'. பிரைவேட் லிமிடெட் என்று விசிட்டிங் கார்டு கொடுத்தவரின் ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது எழுத்து 'பி' என்றிருந்தால், பில் போடப்போவது அந்தக் கம்பெனி அல்ல, ஒரு தனிமனிதர். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டுத் தேடினால் பதிவான தேதி, பதிவு ரத்தாகியிருக்கிறதா, ரிட்டர்ன் தாக்கல் ஒழுங்காக நடக்கிறதா என்பது தெரியும். பான் எண்ணை வைத்துத் தேடினால் அவர் வேறு எந்தெந்த மாநிலத்தில் பதிவு வைத்திருக்கிறார் என்பதும் வரும்.

கம்பெனி என்றால் எம்சிஏ தளம். டைரக்டர்கள் பட்டியலைப் பார்த்ததோடு நிறுத்தாமல், அந்த டைரக்டர்கள் இன்னும் எந்தெந்தக் கம்பெனிகளில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே விலாசத்தில் ஏழெட்டுக் கம்பெனிகள் இருந்தால், அவற்றில் பாதி பெயர் நீக்கப்பட்டிருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். 2017இல் மத்திய அரசு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. சுமார் மூன்று லட்சம் டைரக்டர்கள் தகுதி இழந்தார்கள். கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டவர்களே அதில் ஏராளம் என்பதால், அந்தப் பட்டியலில் பெயர் இருந்தாலே மோசடிக்காரர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல.

பேலன்ஸ் ஷீட்டில் லாபத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பின்பக்கக் குறிப்புகளுக்குப் போங்கள். உறவுடைய நிறுவனங்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல் அங்கே இருக்கும். பெரிய தொகை யாருக்கோ ஆலோசனைக் கட்டணமாகப் போயிருந்தால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சொத்தின் மேல் எந்த வங்கிக்கு அடமானம் என்பது எம்சிஏ பதிவேட்டில் கிடைக்கும். 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் மறைமுகமாக உரிமை வைத்திருக்கும் தனிநபரைக் கம்பெனி அறிவிக்க வேண்டும் என்று கம்பெனிகள் சட்டத்தின் 90ஆவது பிரிவு சொல்கிறது. அந்தத் தாக்கல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்குப் பிடித்த சோதனை வருங்கால வைப்பு நிதித் தளம். அங்கே நிறுவனத்தின் பெயரைத் தேடினால் மாதாமாதம் எத்தனை தொழிலாளர்களுக்குப் பணம் கட்டப்படுகிறது என்று தெரியும். 200 பேர் வேலை செய்கிறார்கள் என்று சொன்ன இடத்தில் ஆறு பேருக்குத்தான் பிஎஃப் என்றால், ஒன்று வேலை வேறெங்கோ நடக்கிறது, அல்லது தொழிலாளர் சட்டம் மீறப்படுகிறது. இரண்டுமே உங்களுக்குத் தெரிய வேண்டியவை.

வழக்குகளுக்கு ஈகோர்ட்ஸ் தளம், உயர் நீதிமன்றத் தளம், கம்பெனி தீர்ப்பாயத் தளம் என்று தனித்தனியாகத் தேட வேண்டும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை மறந்துவிடாதீர்கள். கடன் தகவல் நிறுவனங்களின் தளங்களில், வங்கிகள் வழக்குப் போட்ட பெரிய கடனாளிகளின் பட்டியலை இலவசமாகவே பார்க்கலாம். யாரோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்று சொல்லும் ஐநா, அமெரிக்கத் தடைப் பட்டியல்கள், உலக வங்கி ஒதுக்கி வைத்த நிறுவனங்களின் பட்டியல் ஆகியவையும் பொதுவில் இருக்கின்றன. அமெரிக்க விதியில் ஒரு நுணுக்கம் உண்டு: தடை செய்யப்பட்டவர்களுக்கு 50 சதவீதமோ அதற்கு மேலோ சொந்தமான நிறுவனம், பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் தடைக்குள் வந்துவிடும். உரிமையாளரைத் தெரிந்துகொள்ளாமல் கம்பெனிப் பெயரை மட்டும் தேடிப் பயனில்லை.

நம்மூர்ப் பெயர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எஸ். முருகன் என்ற பெயரில் மாவட்டத்துக்கு நூறு பேராவது இருப்பார்கள். ஒரே பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். ஒரு ஆவணத்தில் இன்ஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராக விரிந்திருக்கும். தேடலில் எதுவும் வரவில்லை என்றால் எழுத்துக்கூட்டலை மாற்றிப் பாருங்கள். ஏதாவது வந்துவிட்டால் அப்பா பெயரும் பிறந்த தேதியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். வேறொரு முருகனின் வழக்கால் இந்த முருகன் ஒப்பந்தத்தை இழக்கக் கூடாது.

தனிஉரிமைக் கடை, கூட்டு நிறுவனம் என்றால் எம்சிஏ தளத்தில் ஒன்றும் கிடைக்காது. தமிழ்நாட்டில் டிஸ்ட்ரிபியூட்டர்களும் ஜாப் வொர்க் யூனிட்டுகளும் நிறைய இந்த ரகம்தான். நேரடி விசாரணை உண்மையில் அவசியப்படுவது இங்கேதான்.

கேள்விகளை எழுதுங்கள்

இப்போது ஏஜென்சிக்கான தாள். முதல் பத்தியில் நீங்கள் எடுக்கப்போகும் முடிவைச் சொல்லுங்கள்: "தென் மாவட்டங்களுக்கு இவரை ஒரே டிஸ்ட்ரிபியூட்டராக மூன்று வருடத்துக்குப் போடலாமா என்று முடிவு செய்ய வேண்டும்." பிறகு உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அதையே மறுபடி கண்டுபிடித்துத் தருவார்கள். அதற்கும் கட்டணம் உண்டு.

அடுத்து கேள்விகள். "நற்பெயர் எப்படி?" என்று கேட்டால் "சந்தையில் நல்ல பெயர் உள்ளது" என்று ஒரு வரி வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: முந்தைய இரண்டு கம்பெனிகளின் டிஸ்ட்ரிபியூஷன் இவரிடமிருந்து ஏன் போனது? அவர் விட்டாரா, அவர்கள் எடுத்தார்களா? சப்ளையர்களுக்குப் பாக்கி நிற்கிறதா? கோடவுன் சொந்தமா, வாடகையா, உண்மையில் அந்த விலாசத்தில் இருக்கிறதா? அன்றாடம் முடிவெடுப்பது பத்திரத்தில் இருப்பவரா, பின்னால் இருக்கும் மாமனாரா, அண்ணனா? அரசு டெண்டர்களில் இவர் வழக்கமாக எந்தத் துறையில் ஜெயிக்கிறார், அந்தத் துறையில் இவருக்கு யார் இருக்கிறார்கள்?

உறவைக் கேட்பது நாகரிகமில்லை என்று சிலர் தயங்குவார்கள். ஏர்பஸ் கதையைக் கேட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸுக்கு விமானம் விற்ற விவகாரத்தில், அந்த விமான நிறுவனத்தின் நிர்வாகி ஒருவருடைய மனைவியின் கம்பெனியையே ஏர்பஸ் இடைத்தரகராக வைத்திருந்தது. 1.684 கோடி டாலர் வரை தருவதாகப் பேச்சு; 20 லட்சம் டாலர் கைமாறியது. பிரிட்டனின் ஏற்றுமதிக் கடன் அமைப்பு கேட்டபோது அந்த இடைத்தரகரின் பெயரையும், அவர் பெண் என்பதையும் மறைத்துச் சொன்னார்கள். 2020 ஜனவரியில் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா மூன்று நாடுகளோடும் சேர்த்து சுமார் 360 கோடி யூரோ கட்ட ஏர்பஸ் ஒப்புக்கொண்டது. அதில் தீர்ந்த பல விவகாரங்களில் இதுவும் ஒன்று. "இந்த இடைத்தரகர் யாருடைய குடும்பம்?" என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்று பாருங்கள்.

தாளின் கடைசியில், செய்யக் கூடாதவற்றையும் எழுதுங்கள். உங்கள் கம்பெனியின் பெயரை வெளியே சொல்லலாமா கூடாதா. யாரைச் சந்திக்கக் கூடாது. எந்த விஷயம் தெரிந்தால் அறிக்கைக்குக் காத்திராமல் உடனே போன் செய்ய வேண்டும். சாதி, மதம், குடும்ப வாழ்க்கை பற்றிய வம்பு அறிக்கையில் இடம்பெறக் கூடாது என்று நான் கண்டிப்பாக எழுதச் சொல்வேன். தொழில் முடிவுக்கு அது தேவையில்லை. எழுதி வைத்தால் ஒருவருக்குச் செய்யும் அநியாயம்.

ஏஜென்சியைத் தேர்ந்தெடுப்பது

இந்தியாவில் தனியார் துப்பறியும் நிறுவனங்களுக்கென்று உரிமச் சட்டம் இல்லை. 2007இல் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டம் காவலாளிகளை அனுப்பும் செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கானது. ஆகவே யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். தரம் பார்க்க வேண்டியது நீங்கள்தான். பெயர்கள் மறைத்த பழைய அறிக்கை ஒன்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். களத்துக்கு யார் போகிறார்கள், சொந்த ஆளா, வேறு ஏஜென்சிக்குக் கைமாற்றுகிறார்களா? விருதுநகரில் விசாரிக்கத் தமிழ் தெரிந்த ஆளை அனுப்புவார்களா? அதே பார்ட்டிக்கு இவர்கள் முன்பு வேலை செய்திருக்கிறார்களா?

ஒரு பேச்சு காதில் விழுந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்: "பேங்க் ஸ்டேட்மென்ட், போன் கால் லிஸ்ட் எல்லாம் எடுத்துத் தருகிறோம் சார்." 2018இல் மகாராஷ்டிராவின் தானே நகரப் போலீஸ், அழைப்பு விவரங்களைச் சட்டவிரோதமாக வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்கள் பலரைக் கைது செய்தது. அப்படி வாங்கிய விவரம் உங்கள் கோப்பில் கிடைத்தால் உங்களையும் விசாரிப்பார்கள். லஞ்சம் இருக்கிறதா என்று பார்க்கப் போனவர் லஞ்சம் கொடுத்துத் தகவல் வாங்கி வருவது எந்த வகையிலும் ஏற்கக்கூடியதல்ல.

ஒப்பந்தக் கடிதத்தில் இவை இருக்கட்டும்: சட்டத்துக்கு உட்பட்ட வழிகள் மட்டும், அனுமதி இல்லாமல் வேலையைக் கைமாற்றக் கூடாது, ரகசியம், வேலை முடிந்ததும் விவரங்களை அழிப்பது, நிலையான கட்டணம். பாதகமான தகவல் கிடைத்தால் கூடுதல் பணம் என்ற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். நீதிமன்றம் வரை போகக்கூடிய சிக்கல் என்று தோன்றினால், வெளி வழக்கறிஞர் ஒருவர் வழியாக வேலையைக் கொடுப்பது நல்லதா என்று முதலிலேயே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிக்கை வந்த பிறகு

முதலில் முடிவுரையைப் படிக்காதீர்கள். எங்கெல்லாம் தேடினார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். "பாதகமான தகவல் எதுவும் கிடைக்கவில்லை" என்பதற்கு இரண்டு பொருள் உண்டு: தேடியும் கிடைக்கவில்லை, தேடவே இல்லை. பட்டியல் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிக் கேளுங்கள்.

பிறகு ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நீதிமன்ற ஆவணம் ஒன்று. ஒருவரோடொருவர் தொடர்பில்லாத இரண்டு பேர் சொன்னது இன்னொன்று. போட்டிக் கடைக்காரர் சொன்னது வேறு. மூன்றையும் ஒரே எடையில் எழுதியிருந்தால் அது நல்ல அறிக்கை அல்ல.

கடுமையான விஷயம் வந்திருந்தால், தகவல் கொடுத்தவர் யார் என்று வெளிப்படாத விதத்தில், பார்ட்டியிடம் விளக்கம் கேளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இருபது வருடமாக ஒரு சின்ன ஊரில் நேர்மையாகத் தொழில் செய்தவரைப் பற்றி யாரோ பொறாமையில் சொன்ன ஒரு வரி, அவருக்குத் தெரியாமலேயே அவர் பிழைப்பில் மண்ணைப் போடலாம். நம் கையில் இருக்கும் அதிகாரம் சிறியதல்ல. விளக்கம் திருப்தியாக இருந்தால் அதையும் ஆதாரத்தோடு கோப்பில் சேருங்கள்.

முடிவு எப்போதும் ஆம், இல்லை என்று மட்டும் இருக்க வேண்டியதில்லை. நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ளலாம்: பணம் அவர் பெயரில், அவர் தொழில் செய்யும் நாட்டில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும், செய்த வேலையை விவரமாகச் சொல்லும் பில், கூடுதல் வேலைக்கு முன்கூட்டிய எழுத்து அனுமதி, கணக்கைப் பார்க்கும் உரிமை, லஞ்சப் புகார் வந்தால் உடனே ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை. யார் எந்தக் காரணத்தால் முடிவெடுத்தார் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆளை வேண்டுமென்று கேட்ட வியாபாரப் பிரிவே இறுதிக் கையெழுத்தும் போடக் கூடாது.

மேல் அடுக்குப் பார்ட்டிகளின் பெயர்களை வருடத்துக்கு ஒரு முறை மறுபடி தேடிப் பாருங்கள். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும். டைரக்டர் மாறினால், உரிமை கைமாறினால், ஜிஎஸ்டி பதிவு ரத்தானால், திடீரென்று வேறு வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால், அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். பில்களைப் பாஸ் செய்யும் அக்கவுன்ட்ஸ் பிரிவு ஊழியருக்கு இந்த நான்கையும் எழுதிக் கொடுத்து, எது நடந்தாலும் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று பெயரோடு சொல்லி வையுங்கள். மாற்றம் முதலில் தெரியவருவது பெரும்பாலும் அவருக்குத்தான்.